மகாராணி ஆறவைத்த மூன்று ஜாவா

மூஞ்சிக்கல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, பேக்கரி மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் மகாராணியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதவர்கள் கொடைக்கானலில் குறைவு. "இது ஒசத்தி, அது மட்டம்" என்று யாராவது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் போதும், "அப்படியா? பாத்துருவமா?" என்று கிளம்பிவிடுவாள். ஒருமுறை கீழே இருக்கும் பேக்கரிக்காரர், தன் பன்னுக்கு ஈடாக இந்த மலையில் வேறு பன் கிடையாது என்று சொல்லித் தொலைத்தார். மகாராணி ஏரிப் பக்கத்திலிருந்து இன்னொரு கடைப் பன்னை வாங்கி வந்து, இரண்டையும் ஒரே மாதிரித் தட்டில் வைத்து, எது எவருடையது என்று சொல்லாமல் அவரிடமே தின்னக் கொடுத்தாள். மனிதர் ரசித்துத் தின்றுவிட்டு, இதுதான் நம் கைப்பக்குவம் என்று விரல் வைத்தது அடுத்த கடைப் பன்னின் மேல். ஒரு வாரம் அவளோடு அவர் பேசவில்லை. அதற்கப்புறம் அவர் பன் மட்டும் நன்றாக ஆகிவிட்டது.

இந்தக் குணம் அவளோடு கப்பலில் வந்தது. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கந்தம்மாளுக்குத் தோட்டத்து ஃபாக்டரியில், தேநீர் ருசி பார்க்கும் அறையில், கோப்பை கழுவும் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் மகாராணியும் அங்கேதான் போவாள். நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒரே அளவு இலை, ஒரே கொதிநீர், ஊறுவதற்கு ஒரே நேரம். கோப்பைகளுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. ருசி பார்ப்பவர் ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார். தீர்ப்பை மட்டும் அப்போது சொல்ல மாட்டார். எல்லாம் ஆறட்டும் என்று வெளியே போய்விடுவார். திரும்பி வந்து பார்த்தால், சூட்டில் ஜொலித்த சில தேநீர் ஆறியதும் சப்பென்று போயிருக்கும். சூட்டில் சாதுவாக இருந்த ஒன்று ஆறியபின் மங்கி, பாலாடை மாதிரி திரண்டு நிற்கும். அதைத்தான் நல்ல தேயிலை என்பார்.

பன்னிரண்டு வயதில் அந்தக் குடும்பம் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, பழனி மலையில் எஸ்டேட் கூலிகளாக வந்து சேர்ந்தது. மகாராணி தபாலில் படித்தாள், கம்ப்யூட்டர் டிப்ளமா வாங்கினாள், பேக்கரி மாடியை வாடகைக்குப் பிடித்தாள். இரண்டாயிரத்து ஆறில் அவளுக்கு வயது முப்பத்தேழு. ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்க வேண்டும் என்ற காலம். ஜாவாவில் ஒரு நிரலை, அதாவது புரோகிராமை, எழுதிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பது அதன் பெரிய பெருமை. அந்த வகுப்பில் மலையிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று நான் சொல்லுவேன். சொன்னால் "பாத்துருவமா?" என்று என்னையும் கேட்பாள் என்பதால் மெல்லச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஆடி மழையில், குடையை மடக்கியபடி மேல்மலைப் பூண்டிக் கிராமத்து விவசாயி மணியன் மாடிப்படி ஏறி வந்தார்.

"டீச்சர், பூண்டியிலருந்து வாரேன். நம்ம மனோஜ்குமார் ஒங்களப் பாக்கச் சொன்னான்."

மனோஜ்குமார் மணியனின் சித்தப்பா மகன். பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான், கெட்டிக்காரன். ஊர்ப் பாசத்தில் அவன் ஒரு காரியம் செய்து கொடுத்திருந்தான். மேல்மலையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். விடியற்காலையில் உருளைக்கிழங்குச் செடியின் மேல் வெள்ளையாகப் படிந்துவிட்டு, வெயில் பட்டதும் இலையைக் கருக்கிவிட்டுப் போகும். வெயில் வருவதற்குள் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டால் செடி பிழைக்கும். ஆனால் எந்த நாள் விழும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் மனோஜ், வயலில் ஒரு வெப்பமானியை நட்டு, அதன் வயரை விவசாயிகள் சொசைட்டி அறையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் செருகி, ஜாவாவில் ஒரு நிரலும் எழுதி வைத்திருந்தான். குளிர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பஞ்சாயத்து ஆபீஸ் சங்கு ஊதும். ஊரை வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தவர் மணியன்.

போன தை மாதம் பனி விழுந்தது. சங்கு ஊதவில்லை. கம்ப்யூட்டரில் ஜாவா அப்படியே நின்றுபோய், முந்தின நாள் மதிய வெப்பத்தைத் திரையில் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. சங்கை நம்பித் தூங்கிய மணியனின் உருளைக்கிழங்கு முழுக்கக் கருகியது. அன்றிலிருந்து டீக்கடைக்குப் போனால், "என்ன மணியா, பொட்டி தூங்கிருச்சாம்ல?" என்று ஊர் சிரிக்கும்.

"சிரிச்சாச் சிரிக்கட்டும் டீச்சர். இந்த வருசமும் உருளதான் போடப் போறேன். இதுவும் கருகுச்சுன்னா நெலத்த விட்டுட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல மூட்ட தூக்கப் போக வேண்டியதுதான். சோலையம்மா இப்பவே பொறந்த வீட்டுக்கு வந்துர்றேன்னு சொல்லிவிட்டுட்டா." சோலையம்மாள் அவர் மனைவி. "எனக்கு இந்தப் பொட்டி பத்தி ஒண்ணும் வெளங்கல. மனோஜு என்னமோ, பழைய ஜாவா சரியில்ல, நல்ல ஜாவா மாத்தணும்கிறான். ஜாவாவுல நல்லது கெட்டது வேறயா?"

"இருக்குண்ணே. ஜீப் இருக்குல்ல? மனோஜ் எழுதினது ஜீப்போட பாடி. அது ஓடுறதுக்கு அடியில இன்ஜின் வேணும். அந்த இன்ஜினத்தான் நாங்க ஜாவான்னு கம்ப்யூட்டர்ல ஏத்துறது. எப்படிச் செய்யணும்னு விதி ஒண்ணுதான், ஆனா பல பேர் செஞ்சு குடுக்கிறாங்க. பொட்டியில இருந்தது யார் செஞ்சதுன்னே தெரியாத பழசு, ஏதோ பத்திரிகையோட வந்த சிடியில இருந்து போட்டது. விளங்குதா?"

"வெளங்குது. நல்ல இன்ஜினா ஒண்ணு மாட்டுங்க."

அங்கேதான் சிக்கல். எது நல்லது என்பதில் மகாராணிக்கும் மனோஜுக்கும் ஒத்துப்போகவில்லை. அன்று சாயங்காலமே போனில் பிடித்துக்கொண்டார்கள். ஜாவாவைப் பெற்று வளர்த்த கம்பெனியின் பதிப்புதான் வேண்டும், எங்கள் ஆபீசில் அதுதான் ஓடுகிறது என்றான் மனோஜ். மகாராணிக்கு அது பிடிக்காது. உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்க உரிமை இல்லாத சரக்கை விவசாயி தலையில் கட்டக் கூடாது என்பது அவள் கட்சி. ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து, எல்லாருக்கும் பொதுவாக எழுதி, லினக்ஸ் என்ற இலவச மென்பொருள் சிடியோடு சும்மா கொடுக்கிற பதிப்பு ஒன்று உண்டு. அவள் வகுப்பில் அதுதான் ஓடியது. அதற்காக மதுரை வரை போய் மேடையேறிப் பேசியிருக்கிறாள். அங்கே, பெற்ற கம்பெனியின் ஜாவாவைப் பூட்டிய பெட்டி என்று கிழித்துத் தொங்கப்போட்டாள். இந்த இரண்டு ஜாவா போதாதென்று மூன்றாவதாக 'வெலோரா' என்று ஒரு புதுக் கம்பெனி, பழைய கம்ப்யூட்டரிலும் பறக்கும் என்று விளம்பரம் செய்து தன் ஜாவாவை விற்றுக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க கொள்கைக்காகப் பேசுறீங்க," என்றான் மனோஜ்.

"நீ சம்பளத்துக்காகப் பேசுற," என்றாள் மகாராணி. பிறகு அவள்தான் சொன்னாள்: "சரி தம்பி. பாத்துருவமா?"

கொடைக்கானலில் ஒரு போர்டிங் ஸ்கூல், பழசாகிப் போன கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரே மாதிரி மூன்றைக் கேட்டு வாங்கி, பூண்டி பஸ்ஸின் கடைசி சீட்டில் ஏற்றினாள். மனோஜ் லீவு போட்டு வந்தான். சொசைட்டி அறையில் மூன்றையும் வரிசையாக வைத்தார்கள். மூன்றுக்கும் தனித்தனி வெப்பமானி, ஆனால் நட்டது ஒரே வரப்பில். கரண்ட் போனால் சில மணி நேரம் தாங்க ஒரு பேட்டரி. மகாராணி வெளியே போய் நின்றுகொண்டாள். மனோஜ் உள்ளே தனியாக இருந்து, மூன்று பெட்டியிலும் மூன்று ஜாவாவை ஏற்றி, பெயர் தெரியும் இடத்தையெல்லாம் மறைத்து, நெற்றியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டினான். எது எதுவென்று அவனுக்கு மட்டும் தெரியும். அவன் பெங்களூருக்குப் போய்விட்டான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஜாவா எவருடையது என்று கண்டுபிடிக்க மறைப்பையெல்லாம் நீக்கத் தேவையே இல்லை. விசைப்பலகையில் ஒரே ஒரு வரி தட்டினால் அதுவே தன் பெயரைச் சொல்லிவிடும். அந்த வரியை மகாராணி வகுப்பில் முதல் நாளே சொல்லித்தருவாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பூண்டிக்குப் போய், அந்த மூன்று பெட்டிகளுக்கு முன்னால் தனியாக உட்காருவாள். கேட்பார் யாரும் இல்லை. ஒருநாள் விரல் பாதி வரியைத் தட்டியே விட்டது. சட்டென்று அழித்துவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வெளியே போய், பூண்டு காய்ந்துகொண்டிருந்த களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள். எனக்கு அவளிடம் பிடித்தது இதுதான். நாமாக இருந்தால் பார்த்திருப்போம்.

முதல் நாள் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எண் ஒன்று பளிச்சென்று திறந்தது. எண் இரண்டு அதற்கு அடுத்து. எண் மூன்று சோம்பல் முறித்துக்கொண்டு, ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் கழித்துத்தான் எழுந்தது.

"ஒண்ணே போதும் டீச்சர், வெரசா இருக்குல்ல," என்றார்கள் எல்லாரும்.

"ஆறட்டும்," என்றாள் மகாராணி.

மூன்று பெட்டிகளும் அணைக்கப்படாமல் இரவும் பகலும் ஓடின. கதவில் 'எந்தக் காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டினாள். வாரங்கள் போகப் போக, பறந்த எண் ஒன்றுக்கு உடம்பு ஊதத் தொடங்கியது. மனோஜின் நிரல் கொஞ்சம்தான் நினைவகம் கேட்டது. எண் ஒன்று அதை வாங்கிவிட்டுத் திருப்பித் தராமல் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, புரட்டாசி பிறக்கையில் ஒவ்வொரு அளவையும் காட்டுவதற்கு மூச்சு வாங்கியது. சூட்டில் ஜொலித்த கோப்பை ஆறிவிட்டது. மற்ற இரண்டும் முதல் நாள் போலவே ஓடின. இரண்டில் எண் இரண்டு சுறுசுறுப்பு. மகாராணிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். எண் இரண்டு நடக்கிற நடை அவளுக்குப் பழகிய நடையாகத் தெரிந்தது, அவள் வகுப்பில் ஓடுகிற அதே பொது ஜாவாவின் நடை. நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல என்று மனசு குதித்தது. அடுத்த ஞாயிறு வந்து எண் இரண்டுதான் என்று சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

அடுத்த வாரம் அவள் வந்தது ஞாயிறு இல்லை, விஜயதசமி. வகுப்புக்கு லீவு. சொசைட்டி கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். மூன்றுக்கும் செவ்வந்திப் பூ. முன்னால் இலையில் பொரியும் சுண்டலும். மூன்று திரையும் இருட்டு.

பின்னாலேயே சோலையம்மாள் வந்தாள். அறையைக் கூட்டிப் பெருக்குவது அவள்தான், அவளிடமும் ஒரு சாவி உண்டு.

"நேத்து ஆயுத பூசைல்ல டீச்சர். அருவா, மம்பட்டி, மருந்தடிக்கிற மெசினு எல்லாத்துக்கும் ஒருநா ஓய்வு குடுத்தம். இந்தப் பொட்டிக மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ராப்பகலா முழிச்சுக் கெடக்கு. அதான் செவுத்துச் சுவிச்சு, பேட்டரிச் சுவிச்சு எல்லாத்தையும் அமத்திப்புட்டு, பொட்டு வச்சு விட்டேன்."

"மதினி! அணைக்கவே கூடாதுன்னு தமிழ்லதானே எழுதி ஒட்டியிருக்கு?"

"அது நல்ல நாளைக்குமா டீச்சர்?"

மகாராணிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வாரம் ஆறவைத்த கோப்பையை யாரோ தூக்கிச் சாக்கடையில் கொட்டிய மாதிரி இருந்தது. உருளைக்கிழங்கு விதைச் சாக்கு ஒன்றின் மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் மார்கழி வாசலுக்கே வந்துவிடும். அவள் முகத்தைப் பார்த்த சோலையம்மாள் பயந்துபோய், "நானே போட்டு விட்டுர்றேன் டீச்சர், கோவிச்சுக்கிறாதீங்க," என்று சுவிட்சுகளைத் தட்டினாள்.

பெட்டிகள் முனகிக்கொண்டு எழுந்தன. எண் ஒன்று திறந்தது, பெருத்த உடம்பு இளைத்துப் பழையபடி ஆகியிருந்தது. எண் மூன்று வழக்கம்போலக் கடைசியில், ஆற அமர எழுந்து, வயலின் குளிரைப் படித்துக் காட்டியது. எண் இரண்டு எழுந்தது, நிரலும் திறந்தது. ஆனால் அளவு வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. வெப்பமானியின் வயரை வேறு யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதிக் காட்டியது.

யாரும் பிடிக்கவில்லை. அதுவேதான் நேற்றுப் பிடித்தது. சுவிட்சைத் திடீரென்று அமர்த்தியதால் பிடியை விட அதற்கு நேரமில்லை, இன்று எழுந்ததும் தன் பழைய பிடியையே வேற்றாள் என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறது. மகாராணி சாக்கிலிருந்து எழுந்து நின்றாள். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மதினி, மார்கழியில இங்க கரண்ட் எப்படி?"

"அதையேன் கேக்குறீங்க. ஒரு மரம் சாஞ்சாப் போதும், போச்சு. இந்த ரெண்டு மாசமாத்தான் என்னமோ சமத்தா இருக்கு. பேட்டரியும் பாதி ராத்திரி தாங்காது."

இவ்வளவு நாளும் பார்த்தது என்ன? அணைக்காமல் எவ்வளவு நாள் ஓடுகிறது என்பதை. பார்த்திருக்க வேண்டியது, அணைந்தால் தானாக எழுந்து வேலையைப் பார்க்கிறதா என்பதை. அதை அவளும் யோசிக்கவில்லை, பெங்களூரில் கரண்ட் போகாத கட்டடத்தில் இருக்கும் மனோஜும் யோசிக்கவில்லை. பூசைக்கு ஓய்வு கொடுத்த சோலையம்மாளும் யோசித்துச் செய்யவில்லைதான். ஆனாலும் மகாராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காரியம் செஞ்சீங்க மதினி," என்றாள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சுண்டலை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்கு மகாராணி கொடைக்கானலுக்குத் திரும்பவில்லை. எண் இரண்டின் நோய்க்கு மருந்து அவளுக்குத் தெரியும். எழுந்தவுடன் பழைய பிடியைத் துடைத்துவிடும்படி நாலு வரி எழுதினால் தீர்ந்தது. எழுதினாள். ஒரே கொதிநீர் என்பது நினைவுக்கு வர, அதே நாலு வரியை மற்ற இரண்டிலும் எழுதினாள். பிறகு சுவிட்சை அமர்த்துவதும் போடுவதுமாகப் பொழுது சாயும்வரை அதே சோலியாக இருந்தாள். எண் இரண்டு சில தடவை எழுந்து வேலை பார்த்தது. சில தடவை மறுபடி ஒதுங்கி நின்றது. எண் ஒன்று ஒவ்வொரு தடவையும் எழுந்தது, ஆனால் அதன் உடம்பு வாகு தெரிந்ததுதான், சில வாரம் போனால் ஊதிவிடும். எண் மூன்று எத்தனை தடவை வாரிவிட்டாலும் கடைசி ஆளாக எழுந்து, வயலின் குளிரைச் சொன்னது.

எண் இரண்டை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை. நாலு வரியை நாற்பது வரியாக்கினால் சரிப்படுத்திவிடலாம், வகுப்பில் வைத்து மாசக்கணக்கில் பார்த்தால் இன்னும் நன்றாகவே ஆக்கிவிடலாம் என்று தோன்றியது. ஜன்னல் வழியே பார்த்தாள். மணியன் வரப்பில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, முளைவிட்ட உருளைச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அந்த மனுசனுக்கு மாசக்கணக்கில் நேரம் கிடையாது.

சொசைட்டி போனிலிருந்து மனோஜைக் கூப்பிட்டாள். "தம்பி, மூணு."

"பேரச் சொல்லவாக்கா?"

"வேணாம். தெரிஞ்சா என் மனசு மாறினாலும் மாறும். பனி முடியட்டும்."

மார்கழி பிறந்தது. எண் மூன்று மட்டும் சங்கோடு இணைக்கப்பட்டு சொசைட்டி அறையில் இருந்தது. ஆனாலும் மணியன் அதை நம்பவில்லை. நம்பி ஒருமுறை தூங்கி எழுந்த மனிதர். கோழி கூவுவதற்கு முன்பே கம்பளியைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்று மண் குளிரைப் பார்ப்பார். ராத்திரியிலும் புரண்டு புரண்டு படுப்பாராம். கண் குழிந்து, கன்னம் ஒட்டி, பூண்டி பஸ் கண்டக்டரே அடையாளம் தெரியாமல் யாரென்று கேட்கும்படி ஆகிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பார்க்கையில் மகாராணிக்குச் சோறு இறங்காது. பயிர் பிழைத்தாலும் ஆள் பிழைக்க வேண்டுமே என்று இருந்தது.

தைப் பொங்கல் முடிந்த வாரம். மன்னவனூர்ப் பக்கம் எங்கோ மரம் விழுந்து, சாயங்காலமே கரண்ட் போனது. பேட்டரியும் தீர்ந்தது. பெட்டி அணைந்துவிட்டது. மணியனுக்கோ அன்று காய்ச்சல். எழுந்து வயலுக்குப் போக முடியாமல் கம்பளிக்குள் கிடந்தார். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் வந்தது. வந்த கொஞ்ச நேரத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் சங்கு ஊரையே எழுப்பியது.

மூஞ்சிக்கல்லில் மகாராணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் பேச்சுக்குப் பதிலாக ஒரே இரைச்சல். அப்புறம்தான் சோலையம்மாளின் குரல்: "டீச்சர், கேக்குதா? சங்கு ஊதுது டீச்சர்! கரண்ட் வந்ததும் பொட்டி தானா எந்திரிச்சுருச்சு. அவரு காச்சலோட மோட்டாரு போட ஓடிட்டாரு. ஊரே தண்ணி தெளிச்சுக்கிட்டுக் கெடக்கு!"

முதல் பஸ்ஸில் ஏறினாள். பூண்டியில் இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. சங்கோடு சேராத பக்கத்துக் கிராமத்துச் சரிவு கருஞ்சிவப்பாக வெந்து கிடந்தது. இந்தப் பக்கம், மணியனின் வயலில், ஒவ்வோர் இலையிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டு பச்சையாக நின்றது. மகாராணி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மணியன் கம்பளியும் நனைந்த வேட்டியுமாக வந்தார். கும்பிட வந்த கையை அவள் தடுத்துவிட்டாள்.

"என்னக் கும்பிடாதீங்கண்ணே. எனக்கே பேரு தெரியாது."

அன்று மதியம் மனோஜ் போன் செய்தான். இப்போது சொல்லலாமா என்று கேட்டான். சொல் என்றாள். ஒன்று வெலோரா. இரண்டு அவளுடைய பொது ஜாவா. மூன்று, அவள் மதுரை மேடையில் கிழித்துத் தொங்கப்போட்ட அதே ஜாவா.

மகாராணிக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். தன் பிள்ளை பரீட்சையில் தோற்றதைப் பேப்பரில் பார்க்கிற தாய்க்கு இருப்பதுபோல இருந்தது. ஆனாலும் சொன்னாள்: "நீ சொன்னதுதான் சரி தம்பி. சம்பளத்துக்காகப் பேசுறன்னு சொன்னது தப்பு. மனசுல வச்சுக்காத."

"ஐயோ அக்கா, விடுங்க. அப்புறம் இன்னொண்ணு. பெத்த கம்பெனிக்காரங்களும் அதத் தெறந்து விடப் போறதா ஐப்பசியிலயே சொல்லிட்டாங்க. இனிமே உள்ள பாக்கலாம்."

"நான் கேட்டப்ப தெறக்கலயே," என்றாள் மகாராணி. அவளை முழுசாகத் தோற்கடிக்க யாராலும் முடியாது. அடுத்த வாரமே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, எண் இரண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "வாங்க, இத எந்திரிக்க வைப்போம்," என்று உட்கார்ந்ததும் அவள்தான்.

சங்கு ஊதிய அன்றைக்குப் பூண்டியில் பேசிப் பேசி கடைசி பஸ் போய்விட்டது. மகாராணி சோலையம்மாள் வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் வெள்ளனே எழுந்துவிட்டாள். வெளியே நல்ல குளிர். மணியன் வயலுக்குக் கிளம்பியிருப்பார், காய்ச்சலோடு போக வேண்டாம் என்று சொல்லலாம் என நினைத்து நடைக்கு வந்தாள். வரப்புப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. அவருடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. உள்ளே, சுவரோரம், கம்பளியைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு மணியன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் சோலையம்மாள் தேத்தண்ணிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். மகாராணி தயங்கி, "மதினி, குளிர் ஜாஸ்தியா இருக்கே, எழுப்பணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எழுப்பாதீங்க டீச்சர்," என்றாள் சோலையம்மாள். "அதான் பொட்டி முழிச்சிருக்குல்ல."